ஸ்பானர் கை வைக்காத வண்டி

தெருவில் அவருக்கு ஸ்பானர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பது வருடமாக பைக் மெக்கானிக். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே குறுகலான ஒரு நடை. அந்த நடையில்தான் அவருடைய சின்ன மகள் மேடு பள்ளத்தில் ஓட்டுகிற பழைய டர்ட் பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வண்டி. யாரோ ஓட்டிச் சலித்துக் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் மழையும் வெயிலும் பட விட்டு வைத்திருந்தது. சீட்டில் கிழிசல், டேங்கில் சொட்டை. உதைத்தால் இருமும், சோக்கைப் போட்டால் நாலு நொடி ஓடும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால் செத்துப்போகும்.

ஸ்பானர் ஒரு தடவைதான் கேட்டார் அந்தச் சத்தத்தை. கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற சின்ன ஜெட் அடைத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கை துறுதுறுத்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தவரை மகள் தடுத்தாள்.

"இந்த வண்டியில நீ கை வைக்கக் கூடாதுப்பா. ஒரு நட்டுகூட."

"ஏன்? நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?"

"நீ தொட்டா அப்புறம் அது உன் வேலை ஆயிடும். டீச்சர் ஸ்கூட்டரை நான் சரி பண்ணேன். தெருவுல என்ன சொன்னாங்க? ஸ்பானர் பண்ணிக் குடுத்திருப்பாருன்னாங்க. மாவு மெஷின் மோட்டாருக்கும் அதே பேச்சு. மாசக் கடைசியில குவாரி மேட்டுப் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். இந்த வண்டியைக் கிளப்பி, அந்த மேட்டுல ஏத்தறேன். அது நான் பண்ணதா இருக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். தலையாட்டுவது சுலபம். அந்த நடையைத் தாண்டித்தான் அவர் சாப்பிடப் போக வேண்டும், குளிக்கப் போக வேண்டும், தூங்கப் போக வேண்டும். போகிற போதெல்லாம் வண்டி அவரைப் பார்த்தது.

அவள் வேலை செய்கிறபோது தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து நிற்பார். அவள் முதலில் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்தாள். நாறிப்போய் டீ நிறத்தில் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றி அடிக்கிண்ணத்தைத் திறந்தாள். உள்ளே பிசினாக ஒட்டியிருந்தது. ஜெட்டின் ஓட்டையைக் குத்த அவள் ஊசியை எடுப்பாளோ என்று ஸ்பானர் பயந்தார். ஊசி பித்தளையைக் கீறிவிட்டால் ஓட்டை பெரிசாகி வண்டி பெட்ரோலாகக் குடிக்கும். அவள் ஊசியை எடுக்கவில்லை. பழைய ஒயரை உரித்து, மயிரிழைச் செம்புக் கம்பி ஒன்றை உருவி, அதை வைத்து மெதுவாக நீவினாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். லென்ஸ் பார்த்துப் பழகிய கண்.

ஸ்பானர் பட்டறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவன் இவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தான்.

அன்றைக்கே வண்டி கிளம்பியது. ஒரே உதை. அவள் ஸ்க்ரூவைத் திருகித் திருகி வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற ஐடிலிங்கைச் சீராக்கிய பிறகு, மணி மணியாகச் சத்தம். சமையலறையிலிருந்து அவர் மனைவிகூடக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டறைக்கு வந்தாள்.

"ஏங்க, வீடு பூரா பெட்ரோல் நாத்தம். தலை வலிக்குது. ஒண்ணு அந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

போய்ப் பார்த்தார். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்துக் கசிந்துகொண்டிருந்தது. மூடிதானே? மூடி என்ன இன்ஜினா? பழைய ட்யூபிலிருந்து வட்டமாக ஒரு ரப்பர் வெட்டி, மூடிக்குள் அழுத்திப் பொருத்தி, இறுக்கித் திருகிவிட்டு வந்துவிட்டார். நாற்றம் நின்றது. மனைவிக்குத் தலைவலி போனது. அவரும் அதை மறந்துபோனார்.

இவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வேலை முடிந்த எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்காமல் வெளியே விட மாட்டார். ஆனால் இது திருட்டு வேலை அல்லவா? எடுத்து ஓட்டியிருந்தால் தெருவே மகளிடம் போட்டுக் கொடுத்திருக்கும். அதனால் ஓட்டவில்லை.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது கஷ்டம். வண்டி ஜோராகக் கிளம்பும், கொஞ்ச தூரம் பறக்கும், பிறகு மூச்சு முட்டி நின்றுவிடும். மகள் தள்ளிக்கொண்டு வருவாள். கார்புரேட்டரைக் கழற்றுவாள், கழுவுவாள், மாட்டுவாள். மறுநாளும் அதே கதை. பெட்ரோல் பைப்பைப் புதிதாகப் போட்டாள். ஃபில்டர் மாற்றினாள். கார்புரேட்டருக்குள் மிதவை சரியான உயரத்தில் இருக்கிறதா என்று அளந்தாள். எதுவும் பலிக்கவில்லை.

தெருமுனை டயர் கடைக்காரர் தன் கடை வாசலில் உட்கார்ந்தபடி தினமும் வேடிக்கை பார்த்தார். "என்னம்மா, வண்டியை நடத்திக் கூட்டிட்டுப் போறியா? பேசாம அப்பாகிட்ட விடு. அரை மணி நேர வேலை அவருக்கு."

அவள் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஸ்பானருக்கு அந்த ஆளைத் தூக்கி அவர் டயருக்குள்ளேயே சொருக வேண்டும் போலிருந்தது.

ஒரு சாயங்காலம் அவள் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளி வந்து நிறுத்தினாள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம், காற்று உள்ளே பாய்கிற சத்தம். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தண்ணீர்ச் செம்போடு நின்ற ஸ்பானருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூடியில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்று வராவிட்டால் பெட்ரோல் இறங்காது. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த விஷயம். நடுவில் ஓட்டை விட்டு வளையமாக வெட்ட வேண்டிய ரப்பரை, அவசரத்தில் முழு வட்டமாக வெட்டி, அந்த ஓட்டைக்கு அவரே சமாதி கட்டியிருக்கிறார்.

மகள் படியில் உட்கார்ந்து கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுடலாம்னு பாக்கறேன்ப்பா. எனக்கு இந்தக் கை வரலை போல. அவங்க சொல்றதுதான் சரியோ என்னமோ."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பட்டறையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். கோழைத்தனம் என்று தெரிந்தே அந்த ஹாரனைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வந்தவருக்கு பிரேக்கை இறுக்கிக் கொடுத்தார். என்ன செய்கிறோம் என்றே மனதில் ஏறவில்லை. பிள்ளை தன் கையையே நம்பாமல் போனால் அந்தப் பாவத்தை எங்கே போய்த் தொலைப்பது? சொல்லியே தீருவது என்று திரும்பி நடைக்கு வந்தார்.

மகள் எழுந்து வேலையில் இருந்தாள். பெட்ரோல் பைப்பைக் கார்புரேட்டரிலிருந்து உருவி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டிருந்தாள். மூடி இறுக்கியிருந்தது. பெட்ரோல் கொட்டியது, மெலிந்தது, நூலானது, சொட்டியது, நின்றது. அவள் எட்டி மூடியைத் திறந்தாள். திரும்பவும் கொட்டியது. மூடியைப் புரட்டிப் பார்த்து, உள்ளேயிருந்த ரப்பரை நகத்தால் நெம்பி எடுத்தாள்.

"இதை யாருப்பா வெட்டுனது?"

"நான்தான்."

"ஒரு நட்டுகூட தொடாதேன்னு சொன்னேன்."

"நட்டு இல்லையேம்மா. மூடிதானேன்னு..."

அவள் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா என் கையைத்தான்ப்பா நான் சந்தேகப்பட்டேன்."

ஸ்பானர் தலை குனிந்து நின்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம்கூட நின்றுபோனது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவருக்கு வெட்கமே இல்லையோ என்னவோ, திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போதே கண் அந்தப் பாட்டிலின் மேல் போயிற்று. கார்புரேட்டரை விட்டுவிட்டு, பெட்ரோல் வருகிற வழியைத் தனியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் காதில் கேட்டதை அவள் கண்ணால் பிடித்துவிட்டாள். என் பிள்ளை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்துகிற நிலைமையில் அவர் இல்லை.

அவள் ரப்பரை வளையமாக வெட்டிப் பொருத்தினாள். கசிவும் இல்லை, அடைப்பும் இல்லை. போட்டி நாள் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

குவாரி மேடு என்பது செங்குத்தான சரளை ஏற்றம். பாதியில் வழுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம். இவள் வண்டிதான் அங்கே இருந்ததிலேயே சின்னது, பழையது. கிளம்பியபோது ஸ்பானர் மூச்சை அடக்கிக்கொண்டு இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். பாதி மேடு வரை வந்தது. வழக்கமாக நிற்கிற தூரம் தாண்டியது. சத்தம் இளைக்கவில்லை. பின் சக்கரம் கல்லை வாரியிறைத்தது, ஒரு தடவை பக்கவாட்டில் இழுத்தது, அவள் எழுந்து நின்று சமாளித்து, உச்சியில் ஏறி மறைந்தாள். ஸ்பானருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே தூசியும் இருந்தது.

முதல் பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் அந்தச் சின்ன வண்டி ஏறியதுதான் எல்லார் வாயிலும் பேச்சு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கி வருவதற்குள் ஸ்பானரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. டயர் கடைக்காரர் அவர் முதுகில் தட்டினார்.

"அப்படிப் போடு. உன் கை பட்டா சும்மாவா? பொண்ணு தள்ளிட்டுப் போன வண்டியை ராக்கெட் ஆக்கிட்டியே."

மகள் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். அவள் முகம் சுருங்கியதை ஸ்பானர் பார்த்தார். ஊர் முழுக்க நிற்கிறது. முப்பது வருடமாகச் சேர்த்த பெயர். சும்மா சிரித்து வைத்தாலே போதும், அது இன்னும் கொஞ்சம் ஏறும்.

"என் கை பட்டதாலதான் அவ தள்ளிட்டு நடந்தா," என்றார் உரக்க. "டேங்க் மூடியில காத்து ஓட்டையை நான் அடைச்சு வச்சேன். முப்பது வருஷ மெக்கானிக், நான். கண்டுபிடிச்சது அவ. கார்புரேட்டர்ல ஆரம்பிச்சு மூடி வரைக்கும் சரி பண்ணது அவ. இதுல என் வேலை கெடுத்தது மட்டும்தான்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், ஸ்பானருக்கே இப்படியா என்றார். அவருக்கு அது காதில் தேனாகத்தான் விழுந்தது.

டயர் கடைக்காரர் கொஞ்சம் திருதிருவென்று விழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப என் மச்சான் வண்டியை உன்கிட்ட கொண்டு வரட்டுமா? அதுவும் போகப் போக நின்னு போகுது."

"என்கிட்ட ஏன் கேக்கறே? அவகிட்ட கேளு. அவளுக்கு நேரம் இருக்கான்னு கேட்டுட்டுக் கொண்டு வா."

டயர் கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் வண்டி விஷயமாக அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். "எப்பம்மா கொண்டு வரட்டும்?"

அவள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே டயர் கடைக்காரரிடம் கேட்டாள்.

"நின்னதும் உடனே திரும்பக் கிளம்புதா, இல்ல சூடு ஆறின பிறகுதான் கிளம்புதா?"

ஸ்பானர் கேட்க நினைத்ததும் அதையேதான். அவர் வாயைத் திறக்காமல், பதில் வருகிறவரைக்கும் மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.