குளம்பில் சுட்ட நம்பர்

குதிரையைப் பார்த்துத்தான் ஜட்காவுக்கு நம்பர் கொடுப்பார்கள், ஆளைப் பார்த்து அல்ல. ஆளைப் பார்த்துக் கொடுப்பதாக இருந்தால் காஜாவுக்கு இந்த ஜென்மத்தில் நம்பர் கிடைத்திருக்காது.

காஞ்சிபுரத்தில் மோட்டார் பஸ் ஒன்றிரண்டு தலைகாட்டத் தொடங்கியிருந்த காலம் அது. ரயிலில் வருகிறவர்களைக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொண்டுபோய் விடுவது ஜட்காக்காரர்களின் பிழைப்பு. வருஷா வருஷம் பங்குனிக் கடைசியில் முனிசிபல் ஆபீஸ் மைதானத்தில் குதிரைகளை நிறுத்த வேண்டும். இன்ஸ்பெக்டர் பல்லைப் பார்ப்பார், ஓடவிட்டுப் பார்ப்பார். தேறினால் வண்டிக்கு ஒரு நம்பர் தகடு, ஓட்டுகிறவன் கையில் கட்டிக்கொள்ள ஒரு பித்தளை வில்லை. வில்லை இல்லாதவன் ஸ்டேஷன் வாசலில் நின்று சவாரி கூப்பிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்.

பதினேழாம் நம்பர் கௌஸ் பாஷாவுடையது. பதினோரு வருஷமாக அந்த வில்லை அவர் கையைவிட்டு இறங்கியதில்லை. அவருடைய குதிரைக்கு நூரி என்று பெயர். செம்பழுப்பு நிறம், நெற்றியில் உள்ளங்கை அகலம் வெள்ளை. குட்டியாக வாங்கிவந்து கையாலேயே தீனி ஊட்டி வளர்த்த பெண்குதிரை. அவர் கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும் என்று அதற்குத் தெரியும். கிட்டே வந்தால் பைக்குள் மூக்கை விட்டுவிடும். அவருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குதிரைதான் பிள்ளை என்று ஊரில் கேலி பேசுவார்கள், அவரும் அதை மறுத்ததில்லை.

இருபத்து மூன்றாம் நம்பர்க்காரன் காஜா, அவர் மனைவி உம்முசல்மாவின் தம்பி. அந்த வருஷம் பங்குனியில் காஜாவின் குதிரைக்கு முன்னங்கால் வீங்கி, நாலடி நடந்தால் இரண்டடி நின்றது. அதைக் கொண்டுபோய் நிறுத்தினால் நம்பர் போய்விடும்.

"ஒரு காலைப்பொழுதுதானே கேக்கறான், நூரியைக் குடுங்களேன். எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்" என்றாள் உம்முசல்மா.

இது ஒன்றும் புதிய வித்தை அல்ல. ஜட்காக்காரர்களுக்குள் வெகுநாளாக நடப்பதுதான். நல்ல குதிரை ஒன்று காலையில் ஒருவன் குதிரையாகப் போகும். மத்தியானம் நெற்றியில் கரியும் எண்ணெயும் பூசிக்கொண்டு இன்னொருவன் குதிரையாகப் போகும். பாஷாவும் அப்படித்தான் நினைத்துக் கயிற்றைக் காஜாவின் கையில் கொடுத்தார். காலையில் அவனுக்கு, சாயங்காலம் தனக்கு.

ஆனால் அந்த வருஷம் யதிராஜன் என்று ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நெற்றியில் நாமம், வாயில் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. இந்த வித்தை எல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருந்தார். தேறிய குதிரையின் வலது முன்னங்குளம்பில், மயிருக்குச் சற்றுக் கீழே, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் லைசென்ஸ் நம்பரைச் சுட்டுவிட்டார். குளம்பு நகம் மாதிரி, வலிக்காது. ஒரு வருஷத்தில் வளர்ந்து தேய்ந்துவிடும், லைசென்ஸும் ஒரு வருஷத்துக்குத்தான்.

மத்தியானம் நூரி திரும்பி வந்தபோது அதன் குளம்பில் 23 என்று இருந்தது.

"இன்னாடா இது?"

"அந்த ஆளு திடீர்னு இரும்பை எடுத்துக்கினு வந்துட்டாரு, மச்சான். வாணாம்னு சொன்னா ரெண்டு பேருமே மாட்டிக்குவோம்."

நெற்றிக்குக் கரி பூசலாம். குளம்புக்கு என்ன செய்வது? பாஷா அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து முனிசிபல் சேவகன் வந்து தகட்டைக் கழற்றி, வில்லையையும் வாங்கிக்கொண்டு போனான். வில்லை இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது.

வேறொரு வண்டியில் பூட்டினால் நூரியைப் போலீஸ் பிடித்துவிடும். ஆகவே அது இருபத்து மூன்றாம் நம்பர் வண்டியில்தான் ஓட முடியும். "நம்பர் போறவரைக்கும் நான் ஓட்டறேன், மச்சான். உங்க குதிரை உங்களுதுதான், எங்க போயிடப் போகுது" என்றான் காஜா. ஒரு மாதம் மரியாதையாகத்தான் இருந்தான். பிறகு குதிரையைத் தன் கொட்டகையிலேயே கட்டினான். அவனுடைய நொண்டிக் குதிரை செத்துப்போனதும் பேச்சே மாறிவிட்டது. நூரியை ராத்திரியாவது என் வீட்டில் கட்டிக்கொள்கிறேன் என்று பாஷா கேட்கப் போனபோது அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

"போய் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லேன். ஊரை ஏமாத்தக் குதிரையைக் குடுத்தேன்னு சொல்லு. உள்ள போட்டா நீதான் போவ."

நேற்றுவரை 'நீங்க', இன்று 'நீ'. பாஷா வீட்டுக்கு வந்தபோது உம்முசல்மா வாசலிலேயே நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று அவள் முகமே சொல்லிற்று.

ஒரே ஒரு ஆளிடம் மனசு விட்டுப் பேசினார். லாடம் அடிக்கிற துரைக்கண்ணு. அவன் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பத்து மாசம் பொறுத்துக்கோ, பாய். மாசாமாசம் கீழ எறங்கும். தை முடியறதுக்குள்ள என் கையாலயே சீவி எடுத்துடறேன். அப்புறம் இது யார் குதிரைன்னு நான் வந்து சொல்றேன்" என்றான். பாஷா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வருஷத்தைக் கடத்தினார். நூரியைத் திரும்பத் தன் வண்டியில் பூட்ட வேண்டும். அதைத் தவிர அவருக்கு வேறு யோசனையே இல்லை.

அதுவரை நூரிக்குத் தீனி வேண்டுமே. "சவாரி கொண்டா, கொள்ளு வெக்கிறேன்" என்றான் காஜா. வில்லை இல்லாத கையோடு பாஷா ஸ்டேஷன் வாசலில் நின்றார். ரயில் நிற்பதற்குள் ஓடி, இறங்குகிறவர்களின் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு, "வரதர் கோயிலா, ஏகாம்பரநாதரா, வாங்க வாங்க, நல்ல குதிரை" என்று கூவினார். பதினோரு வருஷம் வண்டியின் முன்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது கூட்டத்தில் முண்டியடித்து ஆள் பிடிக்கிறார். இரண்டு தடவை போலீஸ்காரர் பிடித்துப் பேர் எழுதிக்கொண்டார். இரண்டாவது தடவை காஜா வண்டியில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் ஆளாப்பா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இந்த ஆளை எனக்குத் தெரியாதுங்க."

அன்று ராத்திரி லாக்கப்பில் கிடந்தார். மறுநாள் காலையில் கடலை வாங்கிக்கொண்டு நூரியைப் பார்க்கப் போனார். சொரணை கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்லலாம். நானும் சொல்லுவேன். ஆனால் அந்தக் குதிரை பைக்குள் மூக்கை விட்டதைப் பார்த்திருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்.

நாலு பேர் ஏறவேண்டிய வண்டியில் காஜா ஏழு பேரை அடைத்தான். தாமலுக்குப் போய் வந்த கையோடு மாகறலுக்கு ஓட்டினான். நூரியின் கழுத்தில் பட்டை உராய்ந்து புண் வந்தது. சாக்கைச் சுற்றி அதன்மேலேயே பூட்டினான். ஐப்பசி மழையில் கால் சறுக்கி, பின்னங்கால் முட்டி பிசகிவிட்டது; அப்படியும் நொண்ட நொண்ட ஓட்டினான். அந்த ஏழு பேரையும் கூப்பிட்டு வண்டியில் ஏற்றியது பாஷாதான். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிடாவிட்டால் கொள்ளு இல்லை, கூப்பிட்டால் பாரம். இன்னும் கொஞ்ச நாள்தானே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தைக் கடைசியில் துரைக்கண்ணு குளம்பைச் சீவினான். மூன்றின் கடைசி வளைவு சுருள்சுருளாக விழுந்தது. பாஷா அந்தச் சீவலைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பங்குனிக் கடைசிக்கு இன்னும் இரண்டு மாதம்.

அந்த நாளும் வந்தது. பாஷா துவைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, துரைக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு முதல் ஆளாகப் போனார். இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, இது என் குதிரை, பதினேழாம் நம்பரைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

காஜா இரண்டு குதிரைகளோடு வந்தான். ஒன்று புதுசு, வாட்டசாட்டமான வெள்ளைக் குதிரை. வருஷம் பூராவும் நூரி ஓடி ஓடிச் சம்பாதித்துக் கொடுத்தது. இன்னொன்று நூரி. மூன்று காலில் வந்தது.

யதிராஜன் கழுத்துச் சாக்கை நீக்கினார். உள்ளே சீழும் புழுவும். அவர் முகம் சிவந்துவிட்டது.

"யார் குதிரை இது?"

"மச்சானோடதுங்க. கௌஸ் பாஷான்னு, அதோ நிக்கிறாரு" என்றான் காஜா. "என் குதிரை செத்துப்போச்சுங்க. இப்பதான் இந்த வெள்ளையை வாங்கினேன். இது நடக்க முடியாம நொண்டுச்சு, அவரு முன்னாடியே வந்துட்டாரு, நான்தான் இதைப் புடிச்சிக்கினு வந்தேன்."

யதிராஜன் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நம்பர் இல்லை. போன வருஷம் தான் நம்பர் சுட்ட குதிரை இதுதான் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வரிசையில் நின்ற ஜட்காக்காரர்களிடம் திரும்பி, "யார் குதிரை?" என்று மறுபடி கேட்டார்.

"கௌஸ் பாயோட நூரிங்க" என்றார்கள் எல்லாரும். ஒருவனாவது பொய் சொல்லவில்லை. யார் ஓட்டியது என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சொன்னால் கரி பூசின கதை எல்லாருக்கும் வெளிவரும். துரைக்கண்ணு மட்டும், "அவரோடதுதாங்க, ஆனா..." என்று ஆரம்பித்தான். அந்த 'ஆனா'வை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தன் நோட்டைப் புரட்டினார். "இந்த ஆள்மேல ரெண்டு கேஸ் இருக்குதுங்க. வில்லை இல்லாம ஸ்டேஷன்ல ஆள் புடிச்சது."

"லைசென்ஸ் இல்லாமல் வருஷம் முழுக்க ஓட்டியிருக்கிறான்" என்றார் யதிராஜன். பிறகு பாஷாவைப் பார்த்துக் கேட்டார். "உன்னுடையதுதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அபராதம் இருந்திருக்காது, லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கேஸும் இருந்திருக்காது. அதற்குள் நூரி நொண்டிக்கொண்டே வந்து அவர் கோட்டுப் பைக்குள் மூக்கை விட்டது. ஒரு வருஷமாக அவர் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த பதில் ஒன்றுதான்.

"என்னுதுதாங்க" என்றார் பாஷா.

இனி அவருக்கு லைசென்ஸே கிடையாது என்று எழுதினார்கள். தேறாத குதிரையைச் சுட்டுவிடச் சொல்லி உத்தரவு. மைதானத்துக்குப் பின்னால் போலீஸ்காரர் துப்பாக்கியோடு வந்தார். கயிற்றைச் சொந்தக்காரன்தான் பிடிக்க வேண்டுமாம், பாஷா பிடித்தார். இன்னொரு கையால் கடலை ஊட்டினார். வெடி வெடித்தபோது கடலை பாதி அதன் வாயிலும் பாதி அவர் கையிலும் இருந்தது. அவர் வாய்விட்டு அழுதார், ஐம்பது வயசு மனுஷன் குழந்தைபோல அழுதார்.

திரும்பி வரும்போது மைதானத்தில் வெள்ளைக் குதிரையின் குளம்பிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று. காஜா அவரைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த வில்லையைச் சரிசெய்துகொண்டான்.

"நாளைக்கு ஏழு மணி வண்டிக்கு வந்துடு, மச்சான். புதுக் குதிரை, நல்லாக் கூவு" என்றான்.

மறுநாள் காலையில் வீட்டில் அரிசி இல்லை. உம்முசல்மா கோட்டை எடுத்து உதறிக் கொடுத்தாள், பையிலிருந்த கடலை தரையில் சிதறியது. இருவரும் அதைப் பொறுக்கவில்லை. ஏழு மணிக்கு ரயில் வந்தபோது கௌஸ் பாஷா ஸ்டேஷன் வாசலில் நின்று கூவிக்கொண்டிருந்தார்.