டர்பைனுக்கு எத்தனை விசிறி?

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கணவன் வெர்லினின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றினாள் ஆர்லிஸ். பெயின்ட் அடிக்கும் எந்திரக் கடைக்காரன் அவளைக் காத்திருக்கச் சொல்லி ஏழு நிமிடமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

இன்று சாயங்காலம் தாண்டாது என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள்.

வெர்லினுக்கு அது இரண்டாம் பட்சம். பதினாலு வருஷமாகத் தன் கையால் கட்டிய சின்ன அலுமினிய விமானம் கராஜில் பெயின்டுக்காக நின்றது. எதை வைத்து அடிப்பதென்று இரண்டு வருஷம் கேட்லாக்குகளைப் புரட்டியும் முடிவெடுக்காத மனிதர், நேற்று இந்தக் கட்டிலில் படுத்தபடி சொல்லிவிட்டார். டர்பைன்: விசிறி சுழன்று வரும் காற்றால் பெயின்ட் தெளிக்கும் எந்திரம். ஆர்டர் போனதைத் தன் காதால் கேட்க வேண்டும்.

"என் காத்தடிக்கிற கம்ப்ரசர் சும்மாதான் கெடக்கு. ஓசியில தர்றேன்னாலும் வேணாங்கறான்" என்றான் டுவேன். விமானத் திடலில் முப்பது வருஷச் சிநேகிதன். கொண்டுவந்த சீஸ் உருளைக்கிழங்கு ட்ரே மடியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

வெர்லின் கண் திறக்கவில்லை. "உன் கம்ப்ரசர் காத்தோட தண்ணியும் துப்பும்டா. உன் விமானத்து ரெக்கையப் பாரு. அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"பறக்குதில்ல?"

"பறக்குது. கீழேர்ந்து பாக்கறவன்தான் பாவம்."

டுவேன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான்.

"டர்பைன்ல காஞ்ச காத்து வரும்." அதைச் சொல்ல மூன்று மூச்சு தேவைப்பட்டது. "பெயின்ட் புகையாப் பறக்காது. தகட்டுல ஒக்காரும்."

"சரிடா, அடிக்கப் போறது யாரு?"

கேட்ட பிறகுதான் டுவேனுக்கு உறைத்தது. ட்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "வித்துடு ஆர்லிஸ். பெயின்ட் இல்லாமலே வாங்க ஆள் இருக்கு. நான் பேசறேன்" என்றான்.

ஆர்லிஸ் மறுபடியும் பஞ்சை நனைத்தாள். ஒரு பனிக்காலம் முழுக்க அந்த விமானத்தின் வால் பகுதிக்குள் மல்லாந்து கிடந்து, அவர் வெளியே ரிவெட் ஆணி அடிக்க அடிக்க, உள்ளேயிருந்து இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்தவள்.

பாட்டு நின்றது.

"டிரென்ட் பேசறேன் மேடம். காக்க வெச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க. டர்பைன்தானே? மூணு விசிறியா, நாலு விசிறியா?"

அவள் திரும்பினாள். "வெர்லின், மூணா நாலான்னு கேக்கறாங்க."

அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. போர்வை எழும்புவதற்காகக் காத்திருந்தாள். இருபது வரை எண்ணினாள்; எழும்பவில்லை. டுவேன் எழுந்து நின்றான்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மூணு விசிறி விலை கம்மி. கெட்டி பெயின்ட்டுன்னா நாலுதான் தள்ளும்."

"ஆர்லிஸ், ஃபோனை வை" என்றான் டுவேன்.

அவள் தலையசைத்து மறுத்தாள். ரொட்டிக் கடையில் ரொட்டி கேட்கும் குரலில், "விமான பெயின்ட். கெட்டிதான். நாலு" என்றாள். வெர்லினின் கை இன்னும் சூடாகவே இருந்தது.

"நாலு. போட்டாச்சு. அப்புறம் மேடம், இந்தப் பெயின்டோட ஆவி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. வெளிக்காத்தை இழுத்துத் தர்ற முகமூடியும் எடுத்துக்குங்க. அடிக்கிறவருக்குத் தாடி இருக்கா? இருந்தா அது முகத்துல ஒட்டாது."

தலையணையில் பரவிக் கிடந்த வெள்ளைத் தாடியை ஆர்லிஸ் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "தாடி இல்ல."

டுவேன் அவளையே பார்த்தான்.

"அப்ப அளவு சொல்லுங்க. மூக்குத் தண்டுலேர்ந்து தாடைக்கு அடி வரைக்கும்."

எழுந்து போய்த் தையல் பெட்டியிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையைத் தன் புருவங்களுக்கு நடுவே வைத்து, மறுமுனையைக் கீழே இழுத்தாள்.

"வாயை மூடிட்டு அளக்கணும், மேடம்."

ஆர்லிஸ் வாயை மூடிக்கொண்டாள்.