கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததும் ஆவி எழுந்து கண்ணாடியை மூடுகிறது, நாலு வருடமாகத் தெருவில் நடந்தபடி பார்த்த ஆவி, அப்போதெல்லாம் அதில் தோசை மாஸ்டரின் முகம் மறையும், இன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறேன், தெரு மறைகிறது, எதிர் நாற்காலி காலி, என் வீட்டுக்காரர் போய் நாற்பத்தொரு நாள், நான் சாப்பிட வரவில்லை, அவர் இங்கே சாப்பிட்டாரா என்று கேட்க வந்தேன், கேட்க வாய் வராமல் நெய் ரோஸ்ட் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி இந்த ஓட்டலைத் தாண்டித்தான் வீடு, இங்கே வந்ததும் அவர் நடை தளரும், ஒரே ஒரு ரோஸ்ட், பாதி உனக்கு பாதி எனக்கு, என்பார், கால் வீங்கியிருக்கு, பேசாம வாங்க, என்று வலது கையைப் பிடித்து இழுப்பேன், வெளியே ஒரு வாய் தொடமாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யவைத்தவள் நான், காயை இரண்டு தரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி உப்பில்லாமல் தட்டில் வைப்பேன், முகம் சுளிக்காமல் சாப்பிடுவார், ஒருநாளாவது சுளித்திருக்கலாம். அந்தச் சனிக்கிழமை வாக்கிங் போய்வந்து சட்டையைக் கழற்றி மாட்டுகிறார், எடுத்து முகர்கிறேன், நெய், சாம்பார், தின்னுட்டு வந்தீங்களா, இல்லம்மா, ஒரு வாய்கூட சாப்பிடல, பொய் சொல்லாதீங்க, சட்டையே சொல்லுது, ஞாயிறு முழுக்க நான் பேசவில்லை, தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன், திங்கள் விடியும்போது மூச்சு முட்டுகிறது, ஆட்டோவில் அவர் கை என் கையைத் தேடுகிறது, எத்தன நாளா இந்தத் திருட்டுத் தீனி, என்று அப்போதும் கேட்கிறேன், அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுகிறார், வெளியில ஏதாச்சும் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டபோது, ஆமாம், என்றேன், நானே சொன்னேன்.

ரோஸ்டை வைத்துவிட்டு நரைத்த தலைச் சப்ளையர் நகரப் போகிறார், நிறுத்திக் கேட்டுவிட்டேன், டயாலிசிஸ் ஊசி குத்தி இடது கையில நரம்பு தடிச்சுப் போய் ஒருத்தர் வருவாரே, சப்ளையர் முகம் மலர்கிறது, அந்த ஐயாவா, சனிக்கிழமை சனிக்கிழமை இதே மேசதாம்மா, நெய் ரோஸ்ட் சொல்வாரு, ஆனா தொடமாட்டாரு, ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்துட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு, ஏன் சார் நல்லா இல்லையான்னு கேட்டேன், வீட்ல சத்தியம் பண்ணிருக்கேன் சன்னாசி, வாசனைல உப்பு இல்லையேன்னாரு, ஒருநாள்கூட சாப்பிடலையா, என்கிறேன், ஒரு துண்டுகூட பிய்க்கலம்மா, இப்ப ஆளக் காணோம், ஊருக்குப் போயிருக்காரா.

ஆமா என்றேன், வேறென்ன சொல்ல, ஒரு துண்டு பிய்த்து வாய்வரை கொண்டுபோய் அப்படியே தட்டில் வைத்துவிட்டேன், அவர் தொடாததை நான் எப்படித் தின்பது, பாவி நான், செத்துக்கொண்டிருந்தவரிடமும் கேட்டேனே, ஆறிடுச்சேம்மா, வேற போட்டுத் தரட்டுமா, என்கிறார் சன்னாசி, வேண்டாம், இப்படியே இருக்கட்டும், கண்ணாடியில் ஆவி வடிந்து தெரு தெரிகிறது, ஒருத்தி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள், அவர் கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்துக்கொண்டே போகிறார், என் பச்சைப் புடவைதான், கொஞ்சம் நில்லுடி, அவரை ஒரு நிமிஷம் நிக்க விடு, என்கிறேன், அவளுக்குக் கேட்கவில்லை, மாஸ்டர் மறுபடி கல்லில் தண்ணீர் தெளிக்கிறார்.