இடது பக்கம் படுப்பவளுக்கு ஒரு மெத்தை

"நிறுத்து! யோவ் வண்டி! நிறுத்துய்யா!"

மிமூன் போட்ட கத்தலில் எதிர்ச் சாரியில் ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான். மூன்று சக்கர வண்டிக்காரன் மட்டும் திரும்பவில்லை. நீல உறை போட்ட மெத்தை பின்னால் குதித்துக் குதித்து ஆட, வண்டி ஹதீம் மைதானத்துப் பக்கம் வளைந்து மறைந்தே போனது.

"என்ன முதலாளி, காசு குடுக்காம ஓடறானா?" கடைக்குள்ளிருந்து ஜில்லாலி தலையை நீட்டினான். பன்னிரண்டு வருடமாக மிமூனின் மெத்தைக் கடையில் உறை தைப்பவன். வயது ஐம்பது, வாய்க்கு மட்டும் இருபது.

"காசு முன்னாடியே வந்தாச்சு. நீ எந்த மெத்தையை ஏத்தி விட்ட?"

"நீல உறை."

"ரெண்டு நீல உறை இருந்துச்சு, ஜில்லாலி."

ஜில்லாலி சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "சுவரோரமா சாத்தி வச்சிருந்ததை..."

"போச்சு! அது வக்கீல் வீட்டுக் கூடத்துக்குப் பண்ணினது. அது மெத்தை இல்லடா, பலகை! லல்லா இத்தோவோடது இதோ, உன் மூக்குக்கு நேரா கிடக்கு!"

"அந்தத் தூங்கற அம்மாவோடதா?" ஜில்லாலியின் முகம் நிஜமாகவே வெளுத்தது. "ஒன்பது நாள் படுத்துப் பார்த்தாங்களே..."

"ஒன்பது நாள்! இன்னிக்கு அந்தப் பலகையில படுத்தா நாளைக்கு அவங்க எழுந்திரிக்கவே முடியாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

மிமூன் லல்லா இத்தோவுக்குப் போன் அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. விலாசம்? கொடுக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வண்டியும் அவளே அனுப்பிய வண்டி. வேறு வழியில்லாமல் மொபெட்டை உதைத்துக் கிளப்பினான்.

அன்று காலையிலிருந்தே அவனுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. சமீப காலமாக மனைவி பத்தூல் காலை டீயைத் தாமதமாகத்தான் கொண்டு வருகிறாள். டீ தாமதமானால் கடை தாமதம். கடை தாமதமானால் ஜில்லாலி தன் இஷ்டத்துக்கு வண்டியில் ஏற்றுகிறான்.

லல்லா இத்தோ முதன்முதலாகக் கடைக்குள் வந்த நாள் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒல்லியான உருவம், அறுபதைத் தாண்டிய வயது, பழுப்பு ஜெல்லாபா அங்கி. படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மிமூன் வழக்கப்படி நாடாவை எடுத்துக்கொண்டு கேட்டான். "சுவர் எவ்வளவு நீளம் லல்லா?"

மெக்னாஸ் நகரில் எந்த மெத்தைக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். இங்கே மெத்தை என்றால் கூடத்துச் சுவரோரமாக உட்காரப் போடுவது. எத்தனை சுவர், எத்தனை மீட்டர், மூலையில் எப்படி மடங்க வேண்டும். விருந்தாளி வந்து உட்கார்ந்தால் வரிசை வளையாமல், பள்ளம் விழாமல் பெட்டி மாதிரி நிற்க வேண்டும். முப்பது வருடத்தில் மிமூன் இந்த ஊரின் பாதிச் சுவர்களை அளந்திருப்பான்.

"சுவருக்கு மூட்டு வலிக்காது மகனே," என்றாள் அவள். "ஆளை அள."

நாடாவைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"ஒரு ஆள் படுக்கற அளவு. ரெண்டு மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டி அகலம். இடது பக்கமா படுக்கணும், வலது தோள் ஆகாது. இடுப்பு வலி, முழங்கால் வலி, விரல் முட்டி வலி. காலையில யார் கையையும் பிடிக்காம எழுந்திரிக்கணும். அது முடியுதுன்னா மெத்தை. முடியலைன்னா வெறும் துணிமூட்டை. புரிஞ்சுதா?"

மிமூனுக்குச் சுர்ரென்றது. யாரிடம் வந்து மெத்தை என்றால் என்ன என்று சொல்கிறாள்? "மூட்டு வலிக்குக் கெட்டியா இருக்கறதுதான் நல்லது லல்லா. எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்றாங்க," என்று இருப்பதிலேயே கெட்டியான ஸ்பாஞ்சைக் காட்டினான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். ஏறி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். கண்ணை மூடினாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். இருபதாவது நிமிடம் கண்ணைத் திறந்து, "இதை உன் டாக்டருக்கே வித்துடு. தோள் எலும்பு பலகையில இடிக்குது, இடுப்புக்கடியில காத்து போகுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அதே நேரம் வந்தாள். மதியத் தொழுகை முடிந்து கடை வெறிச்சோடும் நேரம். இந்த முறை மெத்துமெத்தென்று, படுத்தால் உடம்பின் அச்சு அப்படியே விழுகிற வகை. ஆளை விழுங்குவது போல அது அவளை வாங்கிக்கொண்டது. மிமூன் வெற்றிப் புன்னகையுடன் நின்றான்.

"சுகமா இருக்கா லல்லா?"

"சுகம்தான். இப்ப புரண்டு படுக்கறேன் பாரு." பார்த்தான். சேற்றில் கால் மாட்டிக்கொண்ட ஒட்டகம் மாதிரி அவள் திணறினாள். "நல்ல உடம்புக்காரன் தூக்கத்துல தானா புரள்வான். மூட்டு வலிக்காரி ஒவ்வொரு தடவையும் முழிச்சுத்தான் புரளணும். ஒரு ராத்திரிக்கு இருபது தடவை. உன் மெத்தை என்னைத் தள்ளி விடணும், பிடிச்சு வைக்கக் கூடாது."

மிமூனின் புன்னகை மெல்ல இறங்கியது.

நான்காம் நாள் ஜில்லாலி, "முதலாளி, இவங்களுக்கு ஒரு போர்வையும் ஹரீரா சூப்பும் குடுத்துட்டா வாடகைகூட வாங்கிக்கலாம்," என்றான். படுத்த இடத்திலிருந்தே பதில் வந்தது: "ஹரீராவுல எலுமிச்சை தூக்கலா இருக்கட்டும் மகனே. உன் வாயைவிடக் கொஞ்சம் கம்மியா."

ஐந்தாம் நாள்தான் வேடிக்கை. இடுப்பில் ஒரு துணிப்பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். முடிச்சை அவிழ்த்தால் ஐந்து கிலோ குஸ்குஸ் ரவை!

"இது எதுக்கு லல்லா?"

"எடைக்கு. குளிர்காலத்துல நான் பெருத்துடுவேன்."

குஸ்குஸ் பையோடு படுத்தாள். புரண்டாள். மிமூனைக் கூப்பிட்டு, "இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல இந்த அட்டையை நுழை," என்றாள். அட்டை தாராளமாக நுழைந்தது. "நுழையக் கூடாது. தோளும் இடுப்பெலும்பும் உள்ள இறங்கணும், நடு இடுப்பை மெத்தை தாங்கிப் பிடிக்கணும்." உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெத்தையை அமுக்கிக்கொண்டே வந்தாள். ரொட்டி மாவு பிசைவது போல. எங்கே ஸ்பாஞ்ச் ஒட்டுப்போட்டிருக்கிறது என்று உறைக்கு மேலிருந்தே சொன்னாள். ஒட்டுப்போட்டது மிமூனுக்கே மறந்துபோயிருந்தது!

அந்த வினாடிதான் அவன் தோற்றான். தோற்றதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. முப்பது வருடத்தில் இப்படிப்பட்ட ஒரு கையை அவன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் கடை முதலாளி இல்லை, மாணவன். அடியில் கெட்டி ஸ்பாஞ்ச் போட்டான். மேலே இரண்டு விரல் கனத்துக்கு ரப்பர் பால் லேட்டக்ஸ். படுத்துப் பார்த்தாள். இரண்டு போதாது. நான்கு விரல். படுத்தாள். நான்கு அதிகம். மூன்று. விளிம்பை மட்டும் கெட்டியாக்கச் சொன்னாள், உட்கார்ந்து எழும்போது சரியாமல் இருக்க. கட்டில் எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, "மெத்தையோட சேர்த்து நாப்பத்தாறு சென்டி. பாதம் ரெண்டும் முழுசா தரையில பதியணும், முழங்காலைவிட இடுப்பு ஒரு விரல் மேல இருக்கணும்," என்று அளக்காமலே சொன்னாள்.

ஏழாம் நாள் படுத்தபடியே கேட்டாள். "உன் வீட்ல எப்படி?"

"என் வீட்டுக் கூடத்துல இருபத்திரண்டு பேர் உக்காரலாம் லல்லா! எல்லாம் என் கையால பண்ணினது. கல்யாண வீட்டுக்காரங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க."

"தூங்கறதைக் கேட்டேன்."

"அதுவா? உள் அறையில. கல்யாணத்துக்கு வந்த கம்பளி மெத்தைதான். பழகிடுச்சு."

"யாருக்கு?"

பதில் சொல்வதற்குள் வக்கீல் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் அவள் படுத்தாள். இருபது நிமிடம் அல்ல, முக்கால் மணி நேரம். லேசாகக் குறட்டை கேட்டது. ஜில்லாலி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். விழித்தவள் விளிம்பில் உட்கார்ந்தாள், பாதங்களைப் பதித்தாள், கைகளை மார்பில் கட்டிக்கொண்டே எழுந்து நின்றாள். குஸ்குஸ் பையோடு!

"இதுதான்," என்றாள்.

மிமூனுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வருட உத்தரவாத அட்டையை எடுத்துப் பெயரைக் கேட்டான். "அதை அப்புறம் எழுதிக்கலாம். இப்ப சும்மா முத்திரை மட்டும் குத்தி வை," என்று போய்விட்டாள்.

அந்த அட்டை இப்போது அவன் சட்டைப் பையில். அந்த மெத்தை கடையில். வண்டியில் போவது பலகை.

ஹதீம் மைதானத்தைச் சுற்றினான். வண்டியைக் காணோம். புதினாக் கட்டு விற்பவளிடம் மொபெட்டை விட்டு இறங்காமலே கேட்டான். "லல்லா இத்தோன்னு ஒருத்தங்க... ஒல்லியா, பழுப்பு ஜெல்லாபா..."

"இத்தோவையா கேக்கற? பெர்ரிமா ஹம்மாம்ல, பொம்பளைங்க குளிக்கற பக்கம் உடம்பு தேய்க்கறவ. நாப்பது வருஷமா இந்த ஊர்ப் பொம்பளைங்க முதுகெல்லாம் அவ கையிலதான். உனக்கு எப்படித் தெரியும்?"

மொபெட் தள்ளாடியது. ஹம்மாமில் தேய்ப்பவள்! அவன் முன்பு பார்த்திருக்க வாய்ப்பே இல்லாத முகம். எந்தப் பெண்ணின் எந்த மூட்டு இறுகியிருக்கிறது, எந்தத் தோளைத் தூக்க முடியவில்லை என்று கையாலேயே படித்த கை. அதுதான் உறைக்கு மேலிருந்தே ஒட்டைக் கண்டுபிடித்தது. டாக்டர்கள் படம் எடுத்துப் பார்ப்பதை அவள் சோப்பு நுரைக்கடியில் பார்த்துவிடுகிறாள்.

ஹம்மாம் வாசலில் விறகு இறக்கிக்கொண்டிருந்தவன், "இத்தோ இன்னிக்கு மதியம் லீவு. நீல மெத்தை வண்டியா? மேலே போச்சே, தர்ப் ஸைத்தூன் சந்துப் பக்கம்," என்றான்.

"தர்ப் ஸைத்தூனா?"

"ஆமா. அங்க யாருக்கோ இறக்கணுமாம்."

யாருக்கோ! அவளுக்கு இல்லையா?

மிமூன் ஏற்றத்தில் மொபெட்டை விரட்டினான். சந்து திரும்பியதும் வண்டி தெரிந்தது. காலியாக நின்றது. வண்டிக்காரன் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

மிமூன் காலை ஊன்றினான். இயந்திரத்தை அணைக்கவில்லை. வண்டியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். மறுபடி வண்டியைப் பார்த்தான்.

"இங்கயா இறக்கின?"

"இங்கதான். அந்த அம்மா காட்டின வீடு. ஏன், தப்பா?"

மிமூன் மொபெட்டை அப்படியே விட்டு இறங்கினான். உள்ளே போனான். முற்றத்துச் சுவரில் நீல மெத்தை சாத்தியிருந்தது. பக்கத்தில் லல்லா இத்தோ, இடுப்பில் கை வைத்தபடி.

"வா மிமூன். உள்ளங்கையை வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. ஒன்பது நாள் என்னைப் படுக்க வச்சுட்டு இப்பப் பலகையை அனுப்பறியா?"

"ஜில்லாலி மாத்தி ஏத்திட்டான் லல்லா. அரை மணி நேரத்துல சரியானது வந்துடும்."

"வரும். நீ துரத்திக்கிட்டு ஓடி வருவன்னும் தெரியும். வாடிக்கையாளருக்கு நீ உசுரையே குடுப்ப. அதான் நான் வாடிக்கையாளரா வந்தேன்."

"அந்தக் குஸ்குஸ்..."

"என்னைவிட அவ அஞ்சு கிலோ கூட. உயரம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு. வியாழன் தவறாம என்கிட்டதான் வருவா. கல் தரையிலேர்ந்து எழுந்திரிக்க என் ரெண்டு கையும் வேணும் அவளுக்கு. வீட்ல யார் கையையும் கேக்க மாட்டா. காலையில சுவரைப் பிடிச்சுக்கிட்டு, சத்தம் வராம, பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுந்திரிப்பா. அந்த விரலை வச்சுக்கிட்டு ஜெல்லாபாவுக்குப் பட்டுப் பொத்தான் பின்னி, அந்தக் காசுலதான் இதை வாங்கினா."

"சொல்லியிருக்கலாமே..."

"மூணு தரம் சொன்னாளாம். 'விருந்தாளி வர்ற கூடத்தை முதல்ல முடிக்கலாம், இன்னும் ஒரு சுவர் பாக்கி'ன்னு பதில் வந்துதாம்."

உள் அறையிலிருந்து கோப்பைகள் மெல்ல உரசும் சத்தம் கேட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யாரோ நடந்து வருகிற, நின்று நின்று வருகிற காலடி. முப்பது வருடமாகக் கேட்கிற காலடிதான். எப்போதிலிருந்து அது நின்று நின்று வருகிறது என்று மிமூன் யோசித்தான். தெரியவில்லை.

"அந்த உத்தரவாத அட்டை இருக்கா?" என்றாள் லல்லா இத்தோ.

சட்டைப் பையிலிருந்து எடுத்தான். பேனாவின் மூடியைத் திறந்தான்.

"எழுதிக்கோ. பேரு பத்தூல். மெத்தைக் கடை மிமூனோட பொண்டாட்டி. விலாசம் நான் சொல்ல வேண்டியதில்ல, நீ நிக்கற வீடுதான்."