ஐந்தாவது சிலை

அந்த நீரூற்று முந்நூறு வருடத்துப் பழசு. நடுவே நான்கு கல் குழந்தைகள் பொட்டுத்துணி இல்லாமல் நின்று, கன்னம் உப்ப, வாயால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தன. என் பிள்ளைகள் இரண்டும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடின. பெரியவளுக்கு ஆறு வயது. சின்னவனுக்கு இன்னும் மூன்று முடியவில்லை. அதற்குள் வாய் மட்டும் எட்டூருக்கு.

நான் பாலர் பள்ளி டீச்சர். அந்த நேரம் பார்த்து, என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா வந்து சேர்ந்தாள். என் பிள்ளைகளை அவள் பார்த்ததில்லை. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மகன் தொட்டியின் விளிம்பில் ஏறினான். எனக்குள் இருக்கிற டீச்சர் சும்மா இருப்பாளா?

"புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்தா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்கணும்மா. எந்நேரமும் போன்லயே இருந்தா எப்படி?"

அவள் முகம் சுண்டிப்போனது. மகனை இறக்கிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரும்பினேன். நான்காவது கல் குழந்தைக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒன்று பிறந்த மேனியாக நின்றது. கன்னம் உப்பியிருந்தது, வாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. என் சின்னவன். அவன் டவுசர் தொட்டியில் மிதந்தது.

காவலாளி விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்து அவனைத் தூக்கினார். "யார் வீட்டுப் புள்ள இது? பெத்தவங்க எங்க?"

"பாருங்க டீச்சர், எந்த மகராசி பெத்ததோ!" என்றாள் அந்த அம்மா.

நான் சிரித்தேன். "சில பேர் அப்படித்தான்" என்று வேறு சொன்னேன். கைக்கெட்டும் தூரத்தில் பெரியவள் நின்றிருந்தாள்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு காவலாளியிடம் போய்த் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தம்பி. நாங்க ரெண்டு பேர்தான் வந்தோம்."

"அம்மா?"

"வரல."

என் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கூசியது.

"அப்ப ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க" என்று காவலாளி நடந்தார். அப்போதுதான் என் கால் அசைந்தது. வெட்கங்கெட்டவள், அதற்கு முன் அசையவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

"என் புள்ளைங்கதான் சார்."

"டீச்சர்!" என்று பின்னால் அந்த அம்மாவின் குரல் கேட்டது.

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நேரம் எங்கம்மா இருந்தீங்க?" பெரியவளிடம் குனிந்தார். "இவங்கதான் உங்க அம்மாவா?"

"இல்ல. எங்க அம்மா வரல."

"நீ சொல்லுடா கண்ணு. இது யாரு?"

சின்னவன் வாயில் இன்னும் தண்ணீர் இருந்தது. என்னைப் பார்த்தான். தண்ணீரை விழுங்கினான். பிறகு, சொல்லலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தான்.