பாப்பாவை எங்கே வைப்பது?

பாப்பாவை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிற கூட்டம் மாடியில் நடந்தது. பாப்பா கீழே இருந்தாள். மாடிக்குப் படி உண்டு, லிஃப்ட் கிடையாது. பாப்பாவுக்குச் சக்கர நாற்காலி உண்டு, நடக்கிற கால் கிடையாது. இது அந்த வீட்டில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. இருந்தாலும் கூட்டம் மாடியில்தான். அங்கேதான் காற்று நன்றாக வருமாம்.

பழைய பீரோவை எங்கே வைப்பது என்று பேசினால்கூட, பீரோ பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். அந்த மரியாதைகூட அவளுக்கு இல்லை. தலைக்கு மேலே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் இருமல் கேட்டது. குடும்பத்தில் எந்த வழக்கானாலும் அவரைக் கூப்பிட்டுத்தான் முடிப்பார்கள் என்பதால் அவருக்குத் தீர்ப்பு மாமா என்று பெயர். அவர் இருமினால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு. அந்த வயதில் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிடுவதில் பெரிய வசதி இருக்கிறது. பாப்பாவிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. பாப்பா சாப்பிட்டாளா என்று அண்ணியைக் கேட்கலாம். பாப்பாவுக்கு இந்த நிறம் பிடிக்குமா என்று தங்கையைக் கேட்கலாம். டாக்டர்கூட அவள் நாக்கைப் பார்த்துவிட்டு, "பசி எடுக்குதா?" என்று அண்ணனைக் கேட்பார். அண்ணனும் தன் வயிற்றைக் கேட்டுப் பதில் சொல்வதுபோல, "எடுக்குது டாக்டர்" என்பான்.

இதே பாப்பா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் மேடம் ஆகிவிடுவாள். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை, வீட்டில் இருந்தபடியே. தண்ணீர் வழிகிறது, துணி கிழிகிறது, நாலு நாளாக ஆளே வரவில்லை என்று ஊரே அவள் காதில் கத்தும். "சார், முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க" என்பாள். சார் பிடுங்குவார். "இப்ப கதவைத் திறந்து பாருங்க" என்பாள். திறப்பார். கொதித்துக்கொண்டு வந்த ஆள், "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று அடங்கிப்போவார். ஹெட்செட்டைக் கழற்றிய மறு நிமிஷம், "பாப்பா, ஃபேனை நிறுத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி ஃபேனை நிறுத்திவிட்டுப் போவாள்.

அவள் இருந்தது வாசலை ஒட்டிய சின்ன அறை. அகலமான புது நாற்காலி வாங்கியபோது அது நிலைக்குள் நுழையவில்லை. அண்ணன் கதவைக் கழற்றினான், நிலையைப் பெயர்த்தான், அதோடு வேலை முடிந்தது. புதுக் கதவு அடுத்த மாதம் வரும் என்றான். அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, கதவு வரவில்லை. ஒரு திரைச்சீலை வந்தது. திரைச்சீலையைத் தட்ட முடியாது, தாழ் போடவும் முடியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றித் திரைக்கு அடியில் அவள் அறைக்குள் தள்ளுவார்கள், மழை பெய்தால் குடையையும் விரித்து வைப்பார்கள். ஒரு நாள் அவள் ரவிக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது தீர்ப்பு மாமா திரையை விலக்கித் தலையை நீட்டினார். அவள் கத்தியதும், "நம்ம பாப்பாதானே, இதுக்கு என்ன கூச்சம்?" என்று சிரித்தார். அன்றைக்கு அவளுக்கு எரிந்த வயிறு இன்னும் அணையவில்லை.

இப்போது அந்த அறைக்கும் ஆபத்து வந்துவிட்டது. கீழ்த்தளத்தை மருந்துக்கடைக்கு வாடகைக்கு விடுவதாகவும் குடும்பம் மாடிக்குக் குடிபோவதாகவும் அண்ணன் முடிவு செய்துவிட்டான். அது அப்பா கட்டிய வீடு. அதில் அவளுக்கும் பங்கு உண்டு என்பது யாருக்கும் நினைவு வரவில்லை. வந்திருந்தாலும் அதையும் மாடியில் வைத்துத்தான் பேசியிருப்பார்கள்.

அவளைச் சேர்ப்பதற்கு ஓர் இல்லமும் பார்த்தாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவளுடைய நாற்காலிக்குக் காரில் இடமில்லை. திரும்பி வந்த தங்கை, சுற்றுலா போய் வந்தவளைப்போல வர்ணித்தாள். பெரிய தோட்டமாம், நர்ஸ் உண்டாம், நேரத்துக்குச் சாப்பாடாம். தனக்குத் தோட்டம் வேண்டும் என்று பாப்பா ஆயுளில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அவள் கேட்க நினைத்தவற்றை அந்த இல்லத்துக்கே போன் போட்டுக் கேட்டாள். போனில் அவளை யாரும் பாப்பாவாக நினைப்பதில்லை. "சொல்லுங்க மேடம்" என்று விவரமாகவே சொன்னார்கள். இரவு எட்டு மணிக்கு விளக்கு அணைந்துவிடும். செல்போனை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். வெளியே போவதானால் சேர்த்துவிட்டவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய வேலை ராத்திரி ஒன்பது வரை. போன் இல்லாமல் எந்த சாரின் பிளக்கைப் பிடுங்கச் சொல்வது? வேலை போகும், சம்பளம் போகும், பிறகு அண்ணன் கையெழுத்துக்காக வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்போதே அவள் அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் பார்த்தாள். முற்றத்தைச் சுற்றி நாலு போர்ஷன், எல்லாம் தரைத்தளம். அவளைக் குளிக்க வைத்து உடுத்திவிட தினமும் காலையில் சைக்கிளில் வருகிற பெண், எல்லோருக்கும் சைக்கிள் அக்கா, அவள்தான் கூடப் போனாள். வீட்டுக்காரம்மா நாற்காலியைப் பார்த்தாள், பிறகு சைக்கிள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"இவங்களுக்குப் பேச்சு வருமா?"

"பேசித்தாங்க சம்பாதிக்கிறேன்" என்றாள் பாப்பா.

வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "தப்பா நினைக்காதீங்க. வீட்ல பெரியவங்க யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னா நல்லா இருக்கும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்பு?"

"பக்கத்து போர்ஷன்ல யாரு இருக்காங்க?"

"டெய்லர் ஒருத்தர். தனி ஆளு. ஏன்?"

"அவருக்கு ஒண்ணுன்னா யார் பொறுப்புன்னு அவங்க அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?"

முற்றத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த டெய்லர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். "எங்க அண்ணனைக் கேட்டா, இவனுக்கு வீடே தராதீங்கன்னுதான் சொல்லுவான்" என்றார். வீட்டுக்காரம்மாவும் சிரித்துவிட்டாள். சாவி கைக்கு வந்தது. வாசல்படிக்குச் சறுக்குப் பலகை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பலகை இருந்தது, அப்பா அவளுக்காக இழைத்துக் கொடுத்தது. கதவுத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருந்ததால் தச்சரை வரவழைத்து, உட்கார்ந்தபடி கை எட்டுகிற இடத்தில் புதிதாக ஒன்று அடிக்கச் சொன்னாள்.

சாவி நாலு நாளாகப் பையில் கிடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. எல்லோரும் ஒன்றாக உட்காரும்போது எடுத்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்திருந்தாள். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள், மாடியில்.

அண்ணி டீ போடக் கீழே வந்தாள். "உனக்கும் ஒரு வாய் தரட்டுமா பாப்பா?"

"என்ன முடிவாச்சு அண்ணி?"

"அதெல்லாம் மாமா வந்து சொல்லுவாரு. நீ எதையும் மனசுல போட்டுக்காதே."

"என்னைப் பத்தித்தானே பேசுறீங்க? எல்லாரும் கீழ வந்து பேசுங்களேன்."

"மாமாவுக்கு முட்டி வலி. ஏறி இறங்கச் சிரமப்படுவாரு" என்று சொல்லிவிட்டு அண்ணி தட்டோடு படியேறினாள். முட்டி வலிக்கு அந்த வீட்டில் எவ்வளவு கரிசனம்!

பாப்பா அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடிப்பது அவள் தலைக்கு மேலேயே கேட்டது.

"அண்ணா, ஸ்பீக்கர்ல போடு. நானும் பேசணும்."

"நீ எதுக்கு டென்ஷன் ஆகறே? உன் நல்லதுக்குத்தானே பேசிட்டிருக்கோம்."

"அதைத்தான் நானும் கேக்கணும்ங்கறேன். எனக்கு வேற ஒரு யோசனை..."

"தோட்டம் இருக்குன்னு சொல்லுண்ணா" என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. "குழந்தைகிட்ட என்னடா விவாதம்? வை போனை" என்றார் மாமா. அண்ணன் வைத்துவிட்டான்.

இரைந்து கத்தின முன்பின் தெரியாதவர்களின் போனைக்கூட அவள் இதுவரை பாதியில் வைத்ததில்லை. வைத்தால் கம்பெனியில் சீட்டுக் கிழிந்துவிடும். இங்கே கூடப் பிறந்தவன் வைக்கிறான், கேட்பார் இல்லை. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது கோபம். சுத்தமான, சூடான கோபம். அந்தக் கோபத்தோடேயே சைக்கிள் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வண்டியைக் கூட்டிட்டு வாங்க. இப்பவே."

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லப் பார்த்தேன். லைன் கிடைக்கல."

சின்னச் சரக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கம்ப்யூட்டர், கட்டில், துணிப்பெட்டி என்று ஒவ்வொன்றாக ஏறின. தடுக்கக் கீழே ஒரு ஈ காக்கை இல்லை. அவள் காதில் விழக்கூடாது என்று அத்தனை பேரும் மாடிக்குப் போயிருந்தார்கள். அவளை விலக்கி வைத்த அந்தப் படிகள் இப்போது அவர்களையும் விலக்கி வைத்திருந்தன. சைக்கிள் அக்கா அண்ணனின் ஸ்கூட்டருக்குப் பின்னால் கிடந்த சறுக்குப் பலகையை எடுத்து வாசலில் போட்டாள். ஆட்டோக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "பிடிக்கட்டுமாங்க, வேணாமா?" என்றார். சைக்கிள் அக்காவை விட்டால், அன்று முழுவதும் அவளிடம் ஒன்றைக் கேட்டு, பதிலுக்காகவும் நின்ற முதல் ஆள் அவர்தான்.

"வேணாங்க, நானே இறங்கிடுவேன்" என்று சொல்லிச் சறுக்கி இறங்கினாள். பலகையையும் வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

தெருமுனைவரை போயிருப்பாள். காற்று வாங்க பால்கனிக்கு வந்த மாமாதான் முதலில் பார்த்தார். "டேய்! பாப்பா ரோட்டுல போறாடா!" மொத்தக் கூட்டமும் கைப்பிடிச் சுவரில் வந்து தொங்கியது.

"எங்கே போறே?" என்று அண்ணன் கத்தினான். "யாரைக் கேட்டுட்டுப் போறே?"

அவள் நாற்காலியைத் திருப்பி நிறுத்தினாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"என்னைக் கேட்டுட்டுத்தான்!" என்று அண்ணாந்து சொன்னாள். "பேசணும்னா கீழ இறங்கி வாங்க!"

அவர்கள் இறங்கிச் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் ஆட்டோவும் நாற்காலியும் தெருமுனையில் திரும்பி மறைந்துவிட்டன.

சாயங்காலம் டெய்லர் சொந்தக் கட்டிலைத் தூக்குவதுபோல அவள் கட்டிலைத் தூக்கிப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா குழாய் எந்தப் பக்கம் திருப்பினால் நிற்கும் என்று காட்டிவிட்டுப் போனாள். பழைய வீட்டில் சமையல் மேடை அவள் மூக்குக்கு நேராக இருந்தது. இங்கே தாழ்வான மேஜையில் மின்சார அடுப்பை வைத்து, முதல் தடவையாக அவளே டீ போட்டாள். சர்க்கரை வாங்க மறந்திருந்தாள். பரவாயில்லை என்று ஒரு வாய் குடித்தபோது கதவு அசைந்தது.

யாரோ தள்ளினார்கள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினார்கள். திரைச்சீலையை விலக்கிப் பழகிய கைக்குத் தட்டவேண்டும் என்று உறைக்கச் சற்று நேரமானது. பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றாள்.

"யாருன்னா? நான்தான்."

"நான்தான்னா?"

"அண்ணன்டி! விசாரிச்சுட்டு வரேன், தெருவே சிரிக்குது. பாப்பா, விளையாடாம கதவைத் திற."

அவள் குரலைச் சரிசெய்துகொண்டாள். எத்தனையோ சார்களை அடக்கிய குரல்.

"இங்க பாப்பான்னு யாரும் இல்லீங்க. நீங்க யாரைப் பாக்கணும்?"

பக்கத்து போர்ஷனில் டெய்லரின் மெஷின் நின்றது. அண்ணன் தொண்டையைக் கனைத்தான். ஸ்கூல் சர்டிபிகேட்டிலும் சம்பளச் சீட்டிலும் மட்டும் இருந்த அவளுடைய முழுப் பெயரை, தப்பில்லாமல், கதவைப் பார்த்துச் சொன்னான்.

"அவங்க இருக்காங்களா?" என்று சேர்த்துக் கேட்டான்.

"இருக்காங்க. லைன்லயே இருங்க" என்றாள். டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.