அசல் எருமைப்பால்

பூவராகவன் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். போகவில்லை. டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பத்து வருஷமாகக் குடியிருக்கும் செக்‌ஷன் ஆபீசர் அவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டார்.

பால்கார இஸ்மாயிலுக்கு உணவுத் துறையில் பதிவு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் மூன்று எருமையும் ஒரு பசுவும் வைத்துக்கொண்டு, விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கேன்களைக் கட்டி எடுத்துவருகிற மனுஷன். ஆரம்பத்தில் எருமைப்பால் மட்டும்தான் ஊற்றினார். "இது காபியா பாயசமா, பாய்? பாதிக்குப் பாதி பசும்பால் சேர்த்துக் கொண்டாங்க" என்று சொன்னது பூவராகவன்தான். பிளாக்கில் இருந்த மற்ற தமிழ் வீடுகளும் அதையே கேட்க, அவர்களுக்கென்று தனிக் கேனே வந்தது.

மழைக்காலத்தில் அந்த விபரீதம் நடந்தது. சோப்புத் தூளையும் எண்ணெயையும் போட்டுக் காய்ச்சிய போலிப் பாலைக் குடித்து, நகரத்தின் ஒரு மூலையில் முப்பது குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். டி.வி.யில் ஒரே கூச்சல். உடனே உத்தரவு வந்தது: உதிரியாகப் பால் விற்கிற எல்லோரிடமும் மாதிரி எடுக்க வேண்டும், ஒரு தடவை தேறாவிட்டாலும் பதிவு ரத்து. போலிப் பால் காய்ச்சியவன் கதவைப் பூட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். மாட்டைக் கட்டி வைத்திருக்கிறவன் எங்கே ஓடுவான்? அவன்தான் கைக்கு அகப்பட்டான்.

ஒரு வியாழக்கிழமை காலை, குவார்ட்டர்ஸ் வாசலிலேயே உணவுத் துறை அதிகாரி இஸ்மாயிலை மடக்கினார். தமிழ் வீட்டுக் கேனைத் திறந்தார்.

"என்ன பால்?" என்று இந்தியில் கேட்டார்.

இஸ்மாயில் வாயைத் திறப்பதற்குள், தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்த பூவராகவன் முந்திக்கொண்டார். இரண்டு பாலையும் சேர்த்தது என்று சொன்னால் வம்பாகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

"அசல் எருமைப்பால் சார். சென்ட்ரல் கவர்மெண்ட் ஆபீசர் நான் சொல்றேன், எழுதிக்கோங்க!"

இஸ்மாயில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். சாப் சொன்னால் காரணம் இருக்கும் என்று தலையாட்டிவிட்டார். சாட்சி என்ற இடத்தில் பூவராகவன் பதவிப் பெயரோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவி மேகலாவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. எருமைப்பாலுக்கு இருக்க வேண்டிய கொழுப்பு இல்லை, தேறவில்லை, பதிவு ரத்து. பூவராகவன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விதியைத் தேடிப் படித்தார். பசும்பாலுக்கு ஓர் அளவு, எருமைப்பாலுக்கு ஓர் அளவு, இரண்டும் சேர்ந்த பாலுக்கு வேறோர் அளவு. உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் அந்தப் பால் தாராளமாகத் தேறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் மேகலாவிடம் சொன்னார்.

"பொய் சொல்லிக் காப்பாத்துங்கன்னு அவரு உங்களக் கேட்டாரா?" என்றாள் மேகலா. "தப்பா சொல்லிட்டேன்னு போய்ச் சொல்லுங்க. அவரு பொழப்புங்க அது."

மறுநாளே லீவு போட்டுவிட்டு உணவுத் துறை ஆபீசுக்குப் போனார். அதிகாரி மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். டீ கூட வரவழைத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"அச்சா. முன்னாடி கொடுத்த சாட்சி பொய்னு எழுதிக் கொடுங்க சார். முப்பது நாளுக்குள்ள அவர் அப்பீல் போனா இது போதும், ஜெயிச்சுருவார். பதவியைப் போட்டுக் கையெழுத்து வெச்சிருக்கீங்க இல்லையா, அதனால உங்க டிபார்ட்மெண்டுக்கும் ஒரு காப்பி போகும். ரூல் அது."

பூவராகவன் தேதியை எழுதினார். பெயரை எழுதினார். அப்புறம் விசாரணை, குற்றப்பத்திரிகை, நின்றுபோகிற பென்ஷன் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. பேனாவை மூடினார்.

"நாளைக்கு வந்து எழுதித் தர்றேன்."

நாளைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மேகலா தினமும் கேட்டாள். முப்பது நாள் கழிந்த பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். வாசலில் பாக்கெட் பால் வந்து விழுந்தது. தன்னை நினைத்தாலே அவருக்குக் கூசியது; கூசி என்ன பிரயோஜனம்?

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிறு மாலை இஸ்மாயில் வந்தார். மோட்டார் சைக்கிள் இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எருமைங்கள வித்துட்டேன் சாப்," என்றார் இந்தியில். "பால்காரங்க எல்லாரும் ஒரே சமயத்துல விக்கிறாங்க, வியாபாரி பாதி விலைதான் கொடுத்தான். பசுவும் போயிடுச்சு. இப்ப பாக்கெட் பால் லாரியில பெட்டி இறக்குறேன்."

"பாய்..." என்று ஆரம்பித்தார் பூவராகவன்.

"நான் அதுக்கு வரல சாப். அன்னைக்குக் கேன்ல பசும்பால் கொஞ்சம் கூடிப் போயிருக்கணும். இருட்டுல ஊத்தினது, என் கைத்தப்புதான். அத்தனை பேர் நின்னாங்க, எனக்காகப் பேசினது நீங்க ஒருத்தர். உங்க வார்த்தையப் பொய்யாக்கிட்டேனேன்னு மனசு கேக்கல. மாப் கரோ சாப், மன்னிச்சிடுங்க." அவர் கையைக் கூப்பினார். "என்னால உங்க உத்தியோகத்துக்கு ஒண்ணும் தொந்தரவு வரலையே?"

மேகலா சமையலறை வாசலில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் வரல, பாய்," என்றார் பூவராகவன்.